குழிக்கு மேல நிக்கிறவன் யாரு?

'மண் சரிந்து தொழிலாளி பலி.' மழைக்காலம் வந்தால் பத்திரிகைகள் இப்படி ஒரு பெட்டிச் செய்தி போடும். நாலு வரி. மண் சரிந்ததாம், தொழிலாளி பலியானாராம். மண்ணுக்குக் கையும் காலும் முளைத்து அதுவாக வந்து விழுந்த மாதிரி. வெட்டச் சொன்னவன் யார், எத்தனை அடி வெட்டச் சொன்னான், முட்டுக் கொடுத்தானா, ஏணி போட்டானா? அந்த நாலு வரியில் இதில் ஒரு கேள்வியும் இருக்காது. செத்தவன் எந்தத் தெரு என்பதும் இருக்காது. அதைப் பத்திரிகை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. ஒப்பாரிச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டாலே போதும்.

நான் மண்வேலைக்காரக் குடும்பத்தில் பிறந்தவன். அப்பா கிணறு வெட்டினார், ரோடு போட்டார், சாக்கடைக் குழாய்க்குக் குழி தோண்டினார். அம்மா சும்மாடு வைத்து மண் சுமந்தார். லீவு நாளில் நானும் மம்பட்டி பிடித்தேன். பிறகு பாலிடெக்னிக்கில் சிவில் படித்தேன். அதனால் இரண்டு பாஷையும் எனக்குத் தெரியும். குழிக்குள்ள பேசுற பாஷையும் தெரியும், குழிக்கு மேல பேசுற பாஷையும் தெரியும். அந்த உரிமையில் சொல்கிறேன்: மண் சரிந்து சாவதை விபத்து என்று சொல்வது பொய். அது ரூபாய்க் கணக்குப் போட்டுச் செய்கிற காரியம்.

விதி இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. தோண்டும் வேலையின் பாதுகாப்புக்கென்றே 3764 என்ற எண்ணில் இந்தியத் தர விதி 1966-லேயே வந்துவிட்டது. 1992-ல் அதைத் திருத்தியும் போட்டார்கள். மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தத்தோடு சேர்ந்த பாதுகாப்பு விதிகளை எடுத்துப் பாருங்கள். 1.5 மீட்டர், அதாவது நம்ம கணக்கில் அஞ்சடி, ஆழம் போனாலே பக்கங்களைச் சரிவாகவோ படிப்படியாகவோ வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் பலகையும் கட்டையும் வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். நாலடி ஆழத்துக்கே ஏணி வேண்டும். 30 மீட்டர் நீளத்துக்கு ஒன்று, தரைக்கு மேல் 90 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டருக்குள் கொட்டக்கூடாது. ஆழத்தில் பாதி அதைவிட அதிகமென்றால் அந்தத் தூரத்துக்குள் கொட்டக்கூடாது. மேலிருந்து கீழாகத்தான் வெட்ட வேண்டும், அடியைக் குடையவே கூடாது.

இதில் புரியாதது என்ன இருக்கிறது? எல்லாம் இன்ஜினியருக்குப் புரியும், கான்ட்ராக்டருக்கும் புரியும். செலவுதான் இடிக்கிறது. இரண்டு மீட்டர் ஆழம், ஒரு மீட்டர் அகலத்தில் குழாய்க்குழி. சுவர் மாதிரி நேராக வெட்டினால், ஒரு மீட்டர் நீளத்துக்கு 2 கன மீட்டர் மண். ஒன்றுக்கு ஒன்று என்று இரண்டு பக்கமும் சரிவு விட்டால் மேல் அகலம் 5 மீட்டர் ஆகிவிடும். மண் 6 கன மீட்டர். இந்த மிச்ச 4 கன மீட்டரை யார் வெட்டுவது, யார் கூலி கொடுப்பது? பில்லில் நேர்க்குழிக்குத்தான் அளவு போடுகிறான். குத்தகைக் கூலிக்கு வந்த எங்க சனமும் கூலி இல்லாத மண்ணை வெட்ட முடியாது. சரிவுக்கு இடமில்லை, ரோடு குறுக்கே வருகிறது என்றால் முட்டுப் பலகை வேண்டும். அதற்கு வாடகை ஆகும். ஒரு பயலும் செலவழிக்க மாட்டான். எங்க உயிருக்கு விலை என்ன என்று கேட்டால், கூலி கொடுக்காத அந்த 4 கன மீட்டர் மண்தான்.

விளிம்பில் மண் கொட்டுவதும் அதே கணக்கு. பெண்கள் பத்தடி தள்ளிப் போய்க் கொட்டினால் நடை கூடும், வேலை குறையும். "இங்கேயே தட்டிட்டு வாம்மா" என்பான் மேஸ்திரி. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. அந்தப் பாரம் விளிம்பை அமுக்குகிறது. மேலே மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்கி மண்ணின் பிடியைத் தளர்த்துகிறது. கரிசல் மண் காய்ந்தால் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் தண்ணீர் போனால் பாளம் பாளமாகச் சாயும். நெஞ்சளவு மூடினாலே மனுசன் மூச்சை வெளியே விட விட மண் இறுக்கிக்கொண்டே வரும், திரும்ப இழுக்க முடியாது. தலை வெளியே தெரியும்போதே செத்துப்போவான்.

"இப்போதுதான் ஜேசிபி வந்துவிட்டதே" என்பார்கள். வந்ததால் என்ன? அது அரை மணி நேரத்தில் பத்தடிக்கு நேராகக் கீறிவிட்டு விளிம்பிலேயே நின்று அதிர்ந்துகொண்டிருக்கும். குழாயைப் பொருத்தி மூட்டுப் போட ஒரு மனுசன் இறங்கியாக வேண்டும். அவன் எங்க ஆள்தான். மேலே சீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் மீட்டர் அளக்கிறவனுக்கும் வேறு வேறு சாதி இருக்கலாம். அடியில் நிற்கிற சாதி மட்டும் மாறவே மாறாது.

என் சித்தப்பா படிக்காதவர். ஒரு ஊரில் பாதாளச் சாக்கடை வேலை. காலையில் விளிம்பைப் பார்த்துவிட்டு, "சார், மண்ணு வாய் பொளந்திருக்கு, முட்டுப் போடாம எறங்க முடியாது" என்றார். மேற்பார்வையாளன் சொன்ன பதில்: "நீ என்ன இன்ஜினியரா? மம்பட்டிய எடுத்துட்டு எறங்குடா." அவர் இறங்கவில்லை. அன்றைக்கே வேலை போனது. மதியம் அந்தப் பக்கம் சரிந்தது. சோத்து நேரமானதால் உள்ளே ஆளில்லை. விளிம்புக்கு இணையாக விடுகிற வெடிப்புதான் சரிவின் முதல் அடையாளம் என்று பாலிடெக்னிக்கில் எனக்குப் பாடம் எடுத்தார்கள். புத்தகத்தில் இருந்தால் அறிவு. சித்தப்பா வாயில் வந்தால் திமிர். இதுக்குப் பேருதான் சாதி.

மண்ணையும் தண்ணீரையும் அறிந்தவர்கள் எங்க ஆட்கள். ஏரிக்கரை காத்த நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தலித்துகள். கரை எங்கே கசிகிறது, எந்தச் சரிவில் புல் பிடிக்க வேண்டும், எங்கே வெட்டிவேர் வைத்தால் மண் அரிக்காது, மழைத் தண்ணியை எந்த வாரியில் திருப்ப வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தார்கள். இந்த அறிவுக்கு அரசு கொடுத்த மரியாதை என்ன? 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. கரை உடையும் ஆபத்து என்றால் உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த ஆண்களைக் கூப்பிட்டு வேலை வாங்கலாம், மறுத்தால் தண்டிக்கலாம். கரைக்குக் கீழே நிலம் வைத்திருந்தவன் பாசனம் பண்ணினான். நிலமில்லாதவன் கொட்டுற மழையில் கரையில் நின்றான்.

சுவரும் அப்படித்தான். 2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூர். விடியற்காலை மழையில் சுமார் இருபதடி உயரக் கருங்கல் சுவர் அருந்ததியர் வீடுகள் மேல் விழுந்து 17 பேர் செத்தார்கள். அந்தச் சுவர் ஆபத்தானது என்று முன்பே சொன்னோம் என்றார்கள் அந்த மக்கள். தீண்டாமைச் சுவர் என்றும் சொன்னார்கள். உடனே மழை மேல் பழி போட்டார்கள். மழை எல்லா வீட்டு மேலயும்தான் பெய்தது. எந்தச் சுவரையும் அடித்தளமும் தாங்குதூணும் பார்த்துக் கட்ட வேண்டும். மண்ணைத் தாங்குகிற சுவரென்றால் ஊறுகிற தண்ணீர் வெளியேறத் துளை வைக்க வேண்டும். இது முதல் வருசப் பாடம். சுவருக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறான் என்பதைப் பொறுத்து இந்தப் பாடம் மறந்துபோகிறது.

தோழர்களே, நம்ம பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். மண்ணைப் பற்றி நம்மிடம் நிறையக் கவிதை இருக்கிறது. மண்வாசனை, மண்ணின் மைந்தன், மண்ணோடு மண்ணாய். போதும். ஒரு சாவு நடந்தால் ஓடிப்போய் நிவாரணத் தொகைக்கு மறியல் செய்கிறோம், அதுவும் வேண்டும்தான். ஆனால் பணம் வாங்கிக் கொடுத்துவிட்டு வழக்கைக் கைவிடுகிறோம். கட்டடத் தொழிலாளர்கள் போராடித்தான் 1982-ல் தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது, 1996-ல் மத்தியச் சட்டமும் வந்தது. சட்டம் காகிதத்தில் இருந்தால் குழிக்குள் முட்டு முளைக்காது.

அடுத்த முறை போகிறவர்கள் கையில் அளவு நாடா கொண்டு போங்கள். குழி எத்தனை அடி, மண் குவியல் விளிம்பிலிருந்து எத்தனை அடி, ஏணி உண்டா, முட்டு உண்டா என்று அளந்து, படம் எடுத்து, சாட்சி வாங்கி எழுதுங்கள். முன்பு 304-ஏ, 2024 ஜூலையிலிருந்து 106 என்று கவனக்குறைவுச் சாவு என எழுதி முடிக்கிற போலீசிடம் இந்த அளவுகளை வையுங்கள். தெரிந்தே இறக்கினான் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. மேஸ்திரியோடு நிறுத்தாமல், ஒப்பந்தம் எடுத்தவனையும் அளந்து கையெழுத்துப் போட்ட அதிகாரியையும் குற்றவாளியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். செத்தவரின் சாதியைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வருசா வருசம் அந்தக் கணக்கு வெளியே வரட்டும். சரிவுக்கும் முட்டுக்கும் ஒப்பந்தத்திலேயே தனியாகக் கூலி எழுதச் சொல்லுங்கள்.

குழிக்குள் நிற்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று. அஞ்சடிக்கு மேல முட்டு இல்லாத குழியில் ஒத்த ஆளாய் மறுத்தால் சித்தப்பாவுக்கு நடந்ததுதான் நடக்கும். மொத்தப் பேரும் சேர்ந்து மம்பட்டியைக் கீழே போடுங்கள். அவனுக்கு அவசரம்னா அவனே எறங்கி வெட்டட்டும்.