இலையை எடுப்பது யார்?

சில உணவகங்களில் சாப்பிட்டவரே இலையை எடுத்துப் போட வேண்டும். சிலவற்றில் அது கடைக்காரர் வேலை. வழக்கம் தெரியாதவர் இரண்டு இடத்திலும் விழிப்பார். 32 பிட் விண்டோஸுக்கு அசெம்பிளி எழுதுபவரின் நிலையும் அதுதான்.

ஒரு ஃபங்ஷனுக்கான மதிப்புகளை ஸ்டேக்கில் அடுக்கிவிட்டு அதை அழைக்கிறார். வேலை முடிந்ததும் அவற்றை நீக்குவது யார்? ‘எஸ்டிடிகால்’ முறையில், அழைக்கப்பட்ட ஃபங்ஷன். ‘சிடெக்ல்’ முறையில், அழைத்தவர். விண்டோஸின் மெசேஜ்பாக்ஸ் ஃபங்ஷன் முதல் வகை: நான்கு மதிப்புகள், 16 பைட், தானே துடைத்துவிடும். டபிள்யூஸ்பிரிண்ட்எஃப் இரண்டாம் வகை. எத்தனை மதிப்புகள் வரும் என்பதே நிச்சயமில்லாதபோது அது எப்படித் துடைக்கும்?

சி ஹெடர் கோப்பில் இந்த வேறுபாடு ‘வின்ஏபிஐ’ போன்ற ஒற்றை மேக்ரோவில் ஒளிந்திருக்கிறது. அந்தக் கோப்பை அசெம்பிளிக்கான இன்க்லூட் கோப்பாகப் பெயர்ப்பவர் (மனிதரோ, கருவியோ) மேக்ரோவை வெறும் அலங்காரமென்று உதறினால் போச்சு. டபிள்யூஸ்பிரிண்ட்எஃப்பை 3 மதிப்புகளோடு அழைத்துத் துடைக்காமல் விட்டால் 12 பைட் மிச்சம். சுழலுக்குள் ஆயிரம் முறை என்றால் 12,000. கொடுமை என்னவென்றால், நிரல் பல நேரம் அங்கேயே விழாது. சம்பந்தமில்லாத வேறோர் இடத்தில் போய் விழும்.

64 பிட்டில் அந்தச் சண்டை ஓய்ந்து இன்னொன்று முளைத்தது. முதல் நான்கு முழு எண்களை விண்டோஸ் ரெஜிஸ்டர்களில் வாங்குகிறது. லினக்ஸ் ஆறு வாங்குகிறது, வரிசையும் வேறு.

கையால் பெயர்ப்பதைக் கைவிடுவதே உத்தமம். 2021இல் மைக்ரோசாஃப்ட் வின்32 ஏபிஐ விவரங்களை இயந்திரம் படிக்கும் வடிவில் வெளியிட்டது. அழைப்பு முறையும் அதில் உண்டு. யாரோ எப்போதோ பெயர்த்த இன்க்லூட் கோப்பை நகலெடுப்பதைவிட, அதிலிருந்து புதிதாக உருவாக்கிக்கொள்வது மேல்.