நீரின் பருவமறியாமல் பறிபோகும் உயிர்கள்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடைக்காற்றுடன் வரும் மழையே யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆண்டு முழுவதற்குமான நீர் இருப்பைத் தீர்மானிக்கின்றது. வற்றாத ஆறு எதுவுமில்லாத இக்குடாநாட்டில், மாரியில் மட்டும் பாயும் வழுக்கையாறு தெல்லிப்பழைப் பக்கமிருந்து புறப்பட்டு, கந்தரோடை, சண்டிலிப்பாய் ஊடாக வந்து அராலியில் கடல் நீரேரியைச் சேர்கின்றது. கோடையில் சிறுவர்கள் பந்து விளையாடிய குளத்தரை, சில வாரங்களிலேயே ஆளை மூழ்கடிக்கும் ஆழமுடையதாகி விடுகின்றது. மாரி தோறும் குளங்களிலும் கேணிகளிலும் சிறுவரும் இளைஞரும் மூழ்கி இறந்த செய்திகள் பத்திரிகைகளில் வெளிவருவதும், ஓரிரு தினங்களில் அவை மறக்கப்படுவதும் வழமையாகி விட்டன.

இதனை விதியென்று கூறி ஒதுக்கிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021இல் மட்டும் உலகில் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி உயிரிழந்துள்ளனர். இவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோர் வறிய மற்றும் நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். இவ்விழப்பின் பாரதூரத்தை உணர்ந்தே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021இல் ஜூலை 25ஆம் திகதியை நீரில் மூழ்குதலைத் தடுப்பதற்கான உலக தினமாகப் பிரகடனம் செய்தது. கடலால் சூழப்பட்டதும் ஆயிரக்கணக்கான குளங்களைக் கொண்டதுமான எமது நாட்டில் அத்தினம் பெரிதாகக் கவனிக்கப்படுவதில்லை.

நீரின் ஆபத்து பருவத்துக்குப் பருவம், இடத்துக்கு இடம் மாறுபடுகின்றது என்பதே இங்கு பிரதானமாக விளங்கிக்கொள்ளப்பட வேண்டியதாகும். சுண்ணாம்புக்கற் பாறையினுள் தேங்கும் எமது கிணற்று நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. மார்கழி விடியலில் அது இளஞ்சூடாகவும், சித்திரை வெயிலில் குளிர்மையாகவும் தோன்றுவது அதனாலேயாகும். குளத்து நீரும் எமது காலநிலையில் உடலை உறைய வைக்கும் அளவுக்குக் குளிர்வதில்லை. எனவே சண்டிலிப்பாய்ப் பிள்ளை ஒன்றுக்கு நீரின் குளிரால் ஆபத்தில்லை. கண்ணுக்குத் தெரியாத ஆழமும், கலங்கிய நீரும், கோடையில் மண் அகழப்பட்ட குழிகளும், மதகுகளின் அருகே இழுக்கும் ஓட்டமுமே அதற்கு எமனாகின்றன. முழங்காலளவு நீரில் நடந்து செல்பவர் அடுத்த அடியிலேயே தலைக்கு மேல் நீருள்ள குழியில் விழ நேரிடலாம்.

இதே பிள்ளை வளர்ந்து கனடாவுக்கோ, சுவிற்சர்லாந்துக்கோ, நோர்வேக்கோ செல்லும்போது நிலைமை தலைகீழாகின்றது. அங்கு ஏரிகளின் பனி உருகிய பின்னரும், வைகாசி, ஆனி மாதங்களில் வெயில் சுட்டெரிக்கும் வேளையிலுங்கூட நீர் கடுங்குளிராகவே இருக்கும். காற்று விரைவில் சூடாகும். ஏரியோ பல வாரங்கள் கழித்தே சூடாகும். கோடையின் உச்சத்திலும் மேற்பரப்பில் மட்டும் இதமான நீர் இருக்க, சில மீற்றர் ஆழத்தில் குளிர்நீர் தங்கியிருக்கும். ஒன்ராறியோ ஏரி போன்ற பெரிய ஏரிகளில் பலத்த காற்று மேல்நீரை ஒதுக்கித் தள்ளும்போது அடிநீர் மேலெழுந்து, ஓரிரு நாட்களில் வெப்பநிலை பெருமளவு வீழ்ச்சியடைவதுமுண்டு.

நீரின் வெப்பநிலை 15 பாகை செல்சியசுக்குக் கீழிருக்கையில் திடீரெனக் குதிப்பவருக்கு முதலில் ஏற்படுவது மூச்சுத் திணறலாகும். தம்மையறியாமல் மூச்சை உள்ளிழுக்கும் அக்கணத்தில் தலை நீருக்குள் இருந்தால் நீரே நுரையீரலை அடையும். அதைத் தாண்டினாலும், பத்து நிமிடங்களளவில் கைகால்கள் வலுவிழக்கத் தொடங்கும். நன்கு நீந்தத் தெரிந்தவர்களும் கரைக்கு அருகிலேயே மூழ்குவதற்குக் காரணம் இதுவே. மெதுவாக இறங்கி உடலைப் பழக்குவதும், தவறி விழுந்தால் பதறாமல் மல்லாந்து மிதந்து மூச்சுச் சீராகும் வரை காத்திருப்பதும் உயிர் காக்கும்.

குளிர் மாத்திரமே அந்நிய நீரின் ஆபத்து என்றும் கருதிவிடக் கூடாது. 2016 ஆகஸ்ட் 24ஆம் திகதி இங்கிலாந்தின் கம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில், லண்டனிலிருந்து சென்ற இலங்கைத் தமிழ் வம்சாவளி இளைஞர் ஐவர் ஒரே நாளில் உயிரிழந்தமை புலம்பெயர் சமூகத்தையே உலுக்கியது. விரைந்து ஏறும் வற்றுப்பெருக்கும் மணல் திட்டுகளும் கொண்ட அக்கரையில் அவ்வேளை உயிர்காப்பாளர் எவரும் பணியில் இருக்கவில்லை. அதன் பின்னரே அவர்கள் நியமிக்கப்பட்டனர்.

கிழக்கிலும் இத்தகைய துயரங்கள் நிகழ்ந்துள்ளன. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் நிர்மாணிக்கப்பட்டுக் கொண்டிருந்த வேளையில் பயணிகள் மிதவை கவிழ்ந்து பாடசாலைச் சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியில் உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு, மத்ரஸா மாணவர் அறுவர் உட்பட எட்டுப் பேர் பலியாகினர். இரண்டும் நவம்பர் மாதத்தில், மாரியின் உச்சத்தில் நிகழ்ந்தவை என்பது கவனிக்கத்தக்கது. நீர் தமிழர், முஸ்லிம் என்று பார்ப்பதில்லை. பரிகாரமும் பொதுவானதாகவே இருக்க வேண்டும்.

நீச்சல் தடாகம் இல்லை என்பது இனியும் சாட்டாக அமையக் கூடாது. எம்மிலும் வறிய நிலையிலிருந்த பங்களாதேஷில், கிராமக் குளங்களிலேயே மூங்கில் மேடை அமைத்து, பயிற்றப்பட்ட உள்ளூர் இளைஞர்களைக் கொண்டு சிறுவர்களுக்கு நீச்சல் கற்பிக்கப்படுகின்றது. சண்டிலிப்பாய்க் குளங்களிலும் கிண்ணியாக் களப்போரத்திலும் இது சாத்தியமே. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிப்பதை இஸ்லாமிய மரபு ஊக்குவிப்பதை முஸ்லிம் வாசகர்கள் அறிவர். பெண் பிள்ளைகளுக்குத் தனியான நேரமும் பெண் பயிற்றுநரும் ஒழுங்கு செய்யப்படுவது அவசியமாகும். 2004 சுனாமியில் பெண்களும் சிறுவர்களும் கூடுதலாக மடிந்தமை தந்த பாடம் அது.

மழைக்கு முன்னரே, அதாவது புரட்டாதியிலேயே, வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபையும் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் ஒவ்வொரு குளத்திலும் ஆழம் காட்டும் கம்பங்களையும் எச்சரிக்கைப் பலகைகளையும் நாட்ட வேண்டும். குழிகளை மட்டப்படுத்துவதும், கேணிகளுக்கு வேலியிடுவதும், கரையில் கயிறும் மிதவையும் வைத்திருப்பதும் பெருஞ்செலவுக்குரியன அல்ல. மூழ்குபவரைக் கண்டவர் தாமும் குதிக்காமல் கயிற்றையோ, சேலையையோ, வெறும் பிளாஸ்டிக் கலனையோ வீசுவதே முறை. கரை சேர்த்தவரின் வயிற்றை அமுக்கி நீரெடுக்க முனைவது நேரத்தை வீணாக்கும். மூச்சு நின்றிருந்தால் உடனே வாய்வழி மூச்சுக் கொடுத்து நெஞ்சை அழுத்துவதுடன், 1990 அம்புலன்ஸ் சேவையையும் அழைக்க வேண்டும். இதனைப் பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் செய்து காட்டிப் பழக்கலாம்.

விதைப்புக்குப் பருவம் பார்க்கும் சமூகம் நாம். கடலுக்குச் செல்லும் மீனவர் வாடையும் சோளகமும் அறிந்தே வள்ளம் இறக்குகின்றார். அதே அறிவை எமது பிள்ளைகளுக்கு நீரைப் பற்றியும் புகட்டத் தவறுவோமானால், அடுத்த மாரியின் இழப்புக்கு மழையைக் குறை கூறும் தகுதி எமக்கு இருக்காது.