உலகப் பணத்துச் சைக்கிளும் விடியற்கால ஷிப்டும்



"சர்வதேச ஒத்துழைப்பு" என்ற சொல்லைப் பார்த்தவுடன் நம்மில் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். ஜெனீவாவிலும் பாரிசிலும் கோட்டு போட்டவர்கள் கூடிப் பேசிக் கலைகிற சங்கதி, சாரத்தில் ஏறுகிறவனுக்கும் கார்மெண்டில் தையல் மெஷின் மிதிக்கிறவளுக்கும் அதில் என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்பே. ஆனால் அந்த ஒத்துழைப்பு நம் மைசூருக்கு வந்திருக்கிறது. வந்து, பணத்தைச் செலவழித்து, நம் தெருமுனையைத் தொடாமல் திரும்பியும் போயிருக்கிறது. அதைப் பற்றித்தான் இம்முறை எழுத வேண்டியிருக்கிறது.

நகரங்களில் புகையைக் குறைத்து, மக்களைக் காரிலிருந்து பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் மாற்ற வேண்டும் என்ற நோக்கத்தோடு, சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மத்திய அரசு, உலக வங்கி, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம், உலகச் சுற்றுச்சூழல் நிதியம் ஆகியவை சேர்ந்து ஒரு நகரப் போக்குவரத்துத் திட்டம் வகுத்தன. புனே, பிம்ப்ரி-சிஞ்ச்வாட், இந்தூர், நயா ராய்ப்பூர் ஆகியவற்றோடு மைசூரும் அதில் மாதிரி நகரமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2012இல் நகரப் பஸ்கள் சுமார் 500இல் ஜி.பி.எஸ். கருவி பொருத்தப்பட்டது. அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று காட்டும் பலகைகள் நிறுத்தங்களில் ஏறின. 2017 ஜூன் 4ஆம் தேதி, சுற்றுச்சூழல் தினத்துக்கு முதல் நாள், "டிரின் டிரின்" என்ற வாடகைச் சைக்கிள் திட்டத்தை அப்போது முதலமைச்சராக இருந்த சித்தராமையா தொடங்கி வைத்தார். 48 நிலையங்கள், 450 சைக்கிள்கள், சுமார் 20 கோடி ரூபாய். ஒரு நிலையத்தில் எடுத்து இன்னொரு நிலையத்தில் விட்டுவிடலாம். பாரிஸ் நகரில் 2007இலும் சீனத்து ஹாங்சோ நகரில் 2008இலும் பெரிய அளவில் ஓடிய ஏற்பாட்டின் சிறு வடிவம் இது.

இந்தப் பணத்தில் ஒரு பகுதி தானம். கடன் அல்ல, தானம். அதை ஏன் கொடுத்தார்கள் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1992இல் ரியோ நகரில் கூடிய உலக நாடுகள் ஒரு கொள்கையை ஒப்புக்கொண்டன. பூமியைக் காப்பது எல்லோருக்கும் பொறுப்பு; ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவுப் பொறுப்பு அல்ல. அமெரிக்காவில் ஓர் ஆள் கணக்குக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு வெளியேறுகிறது. இந்தியாவில் சுமார் 2 டன். ஆகவே நூறு ஆண்டுகளாகப் புகை விட்டவர்கள் பணம் தர வேண்டும் என்பது பிச்சை கேட்பதாகாது. 2024 நவம்பரில் பாகு மாநாட்டில், 2035வாக்கில் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்று பணக்கார நாடுகள் சொன்னபோது, இது போதவே போதாது என்று இந்தியப் பிரதிநிதி அந்த மேடையிலேயே எதிர்ப்புத் தெரிவித்தார். அந்த எதிர்ப்பை நாமும் ஆதரிக்கிறோம்.

ஆனால் ஒரு கேள்வி. இந்தியாவில் ஆளுக்கு 2 டன் என்ற சராசரி எப்படி இவ்வளவு குறைவாக நிற்கிறது? நாம் இருப்பதால் நிற்கிறது! நடந்து போகிறவன், சைக்கிள் மிதிக்கிறவன், பஸ்ஸில் தொங்குகிறவன், ஜெனரல் பெட்டியில் கழிவறை வாசலில் குந்தியபடி ஊருக்குப் போகிறவன், ஒரு பல்பும் ஒரு மின்விசிறியும் உள்ள ஒற்றை அறையில் ஐந்து பேராக வாழ்கிறவன் — இவர்கள் கணக்கைக் காட்டித்தான் நம் அரசு உலக மேடையில் நியாயம் கேட்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் நம் கணக்கைக் காட்டி வாங்கிய பணம் நம் பக்கம் வர வேண்டுமா, வேண்டாமா?

டிரின் டிரின் நிலையங்கள் பெரும்பாலும் அரண்மனை, மிருகக்காட்சிச் சாலை, ரயில் நிலையம், நகரின் நடுப்பகுதி என்றே அமைந்தன. உறுப்பினராக முந்நூறு ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும், அடையாள அட்டை காட்ட வேண்டும். சுற்றுலா வருகிறவருக்கும் கல்லூரி மாணவருக்கும் இதில் சிரமமில்லை. அவர்கள் சைக்கிள் ஓட்டுவதில் நமக்கு ஆட்சேபமும் இல்லை, நல்ல காரியம். ஆனால் ஹெப்பாள், மேட்டகள்ளி, கூர்கள்ளி, ஹூட்டகள்ளி தொழிற்பேட்டைகளில் ஷிப்டு பிடிக்கிற ஆயிரக்கணக்கானோரை முதலில் வைத்து வரைந்த திட்டமா அது? மைசூர்த் தொழிலாளிக்குச் சைக்கிள் புதிதல்ல. அவன் சைக்கிளை விட்டு மொபெட்டுக்கு மாறியதற்குக் காரணம், வீட்டு வாடகை அவனை ஊருக்கு வெளியே தள்ளியதும், லாரிகளுக்கு நடுவே மிதிக்கப் பாதை இல்லாததும்தான். பாதையைத் தராமல் சைக்கிளை மட்டும் தருவது செருப்பில்லாதவனுக்குச் சாக்ஸ் வாங்கிக் கொடுப்பது போல.

இந்தச் சைக்கிள் திட்டத்துக்கு ஆன 20 கோடியைச் சுற்றித்தான் எத்தனை பேச்சு, எத்தனை புகைப்படம்! 2023 மார்ச் 12ஆம் தேதி பிரதமர் திறந்து வைத்த பெங்களூர்-மைசூர் விரைவுச் சாலைக்கு ஆன செலவு சுமார் 8,480 கோடி. ஏறக்குறைய நானூறு மடங்கு. அந்த ஆண்டு ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து அதன் பிரதான பாதையில் இரு சக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் இடமில்லை. விபத்தைத் தடுக்கத்தான் அந்தத் தடை என்றார்கள், இருக்கலாம். காருக்கு 8,480 கோடி, சைக்கிளுக்கு 20 கோடி என்று செலவழித்துவிட்டு இது பருவநிலைக்கு உகந்த நகரம் என்று பெயர்ப்பலகை மாட்டினால், அந்தப் பலகையை யார் நம்புவார்கள்?

பஸ் விஷயத்துக்கு வருவோம். கர்நாடக அரசு 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் பெண்களுக்கு இலவசப் பயணம் தந்தது. இதை மனமாரப் பாராட்டுகிறோம். பெண்களை பஸ்ஸில் ஏற்ற இதைவிட நேரான வழி இல்லை. ஆனால் கர்நாடக முகவரியுள்ள அட்டை காட்ட வேண்டும். பத்தாண்டு, பதினைந்தாண்டு இங்கேயே உழைத்தும் ஆதாரில் தருமபுரி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி என்று முகவரி வைத்திருக்கிற நம் பெண்கள் முழுக் கட்டணம் கொடுக்கிறார்கள். அதே பஸ், அதே ஆலை, அதே கூலி. பக்கத்து இருக்கைக்காரிக்குச் சுழியம் டிக்கெட், இவளுக்குக் காசு டிக்கெட். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்ஸில் ஏறும் பெண்ணை எந்த ஊர் என்று கேட்பதில்லை. இங்கும் நகரப் பஸ்ஸில் அவ்வாறே செய்யலாம் என்பது நம் கோரிக்கை. அதுவரை சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. முகவரி மாற்றத் தகுதியுள்ளவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். ஊர் ரேஷன் கார்டு போய்விடுமோ என்ற அச்சத்தில் பலர் தயங்குகிறார்கள். ஆதாரில் முகவரியை மாற்றினாலே ரேஷன் கார்டு ரத்தாகிவிடாது. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' ஏற்பாடும் இருக்கிறது. சந்தேகமுள்ளவர்கள் சங்கத்தில் வந்து கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நிறுத்தத்துப் பலகைகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒளிர்கின்றன. அதைக் குறை சொல்ல மாட்டோம். இது கன்னட நாடு. இருபதாண்டு இருந்தும் பஸ் பலகை படிக்கத் தெரியாமல் நிற்பது நமக்குத்தான் நட்டம். பிள்ளைகளிடம் உட்கார்ந்து பெரியவர்களும் எழுத்துக் கூட்டப் பழக வேண்டும்.

ரயில் விஷயத்தில் நான் வேலை செய்கிற துறையைப் பற்றியே பேச வேண்டியிருக்கிறது. ஒரு டன் சரக்கையோ ஆயிரம் ஆட்களையோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக ரயிலைவிடக் குறைந்த எரிபொருளில் ஓடும் தரை வாகனம் நம்மிடம் இல்லை. மைசூர்-பெங்களூர் பாதை இரட்டைப் பாதையாயிற்று, மின்மயமாயிற்று. 2022 நவம்பர் 11 முதல் சென்னைக்கு வந்தே பாரத் ஓடுகிறது. அழகான வண்டி. ஆனால் அதில் முன்பதிவில்லாப் பெட்டி ஒன்றுகூடக் கிடையாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய இரவுகளில் டிக்கெட் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவனுக்குத் தெரியும், எத்தனை குடும்பங்கள் மூட்டையும் கைக்குழந்தையுமாக ஜெனரல் டிக்கெட்டை நம்பி நிற்கின்றன என்று. அந்தக் கூட்டத்துக்கு இடமில்லாமல் போனால் அது ஆம்னி பஸ்ஸிலும் வேனிலும் இரண்டு மடங்கு காசு கொடுத்து டீசல் புகையோடுதான் போகும். 2023 டிசம்பரில் வந்த அம்ரித் பாரத் வண்டிகளில் குளிர்சாதனம் இல்லாத பெட்டிகளைச் சேர்த்தார்கள். அந்த மாதிரி ஒரு வண்டி மைசூரிலிருந்து சேலம், மதுரைப் பக்கம் ஓட வேண்டும்.

மைசூரிலிருந்து கோவைப் பக்கம் போகிறவர்களின் கஷ்டம் தனி. தண்டவாளம் சாமராஜநகரோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையத்துக்கு ரயில் விட வேண்டும் என்று நெடுங்காலமாகப் பேச்சு. நடுவே இருப்பது புலிக்காடு, யானை வழி. திம்பம் மலைப்பாதையிலேயே 2022 பிப்ரவரி முதல் இரவில் வண்டிகளுக்குத் தடை. இந்த ரயில் வேண்டும் என்று சங்கத்தில் சிலர் தீர்மானம் கொண்டுவரச் சொல்கிறார்கள். நான் அதற்கு உடன்பாடில்லை. காட்டைப் பிளந்து போய்ச் சேர வேண்டிய அவசரம் நமக்கில்லை. இருக்கிற பெங்களூர்-சேலம் பாதையில் கூடுதல் வண்டி கேட்போம்.

பருவநிலை என்பது நமக்கு ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு வேறு சான்று எதற்கு? மழை பொய்த்தால் காவிரியில் நீர் குறைகிறது. காவிரியில் நீர் குறைந்தால் மைசூரிலும் பெங்களூரிலும் தமிழன் கதவைத் தாழிடுகிறான். 1991 டிசம்பரை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. 2016 செப்டம்பர் 12ஆம் தேதி பெங்களூரில் எரிந்த பஸ்களை நாம் எல்லோரும் பார்த்தோம். 2023இல் மழை தவறி மாநிலமெங்கும் வறட்சி அறிவிக்கப்பட்ட அந்தச் செப்டம்பர் கடைசியில் இரண்டு பந்துகள் நடந்தன. எத்தனை வீட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருந்தோம்! மண்டியா விவசாயியும் தஞ்சை விவசாயியும் ஒரே வானத்தைப் பார்த்து நிற்கிறவர்கள். அந்த வானத்தைக் கெடுத்த பெரும்பங்கு எங்கோ இருக்கிறது. கல்லடி மட்டும் இங்கே விழுகிறது. பருவநிலை ஒப்பந்தங்களில் பணக்கார நாடுகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுமா என்பது நம் வீட்டுக் கதவோடு சம்பந்தப்பட்ட கேள்வி.

தூய மின்சாரம், வெளிநாட்டு ஒத்துழைப்பு இரண்டும் இந்தச் சீமைக்குப் புதிதும் அல்ல. 1902இலேயே மைசூர் சமஸ்தானம் சிவனசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து மின்சாரம் எடுத்தது. யந்திரம் அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக், நீர்ச்சக்கரம் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ் கம்பெனி. சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து அந்த மின்சாரம் முதலில் போனது எங்கே? ஆங்கிலேயர் நடத்திய கோலார் தங்கவயலுக்கு. பெங்களூர்த் தெருவிளக்குக்கூட 1905இல்தான் எரிந்தது. அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடவார்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள், நம் பாட்டன்மார். புகையில்லாத மின்சாரத்தில் ஓடிய சுரங்கத்தில்தான் அவர்கள் நுரையீரலில் கல்தூசி படிந்து செத்தார்கள். 2001இல் சுரங்கம் மூடியபோது அவர்கள் பிள்ளைகள் வேலை தேடிப் பெங்களூர் ரயிலில் தினமும் தொங்கினார்கள். இன்று பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரிய மின்பூங்கா இருக்கிறது. நிலம் வைத்திருந்தவருக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று குத்தகை தொடங்கிற்று. அந்த நிலத்தில் களையெடுத்துப் பிழைத்த கூலிக்காரருக்குக் குத்தகை ஏது? மின்சாரம் தூயதா என்று மட்டும் கேட்டால் போதாது, அது யாரைக் கேட்டு யாருக்காக வந்தது என்றும் கேட்க வேண்டும் என்பதை நம் குடும்பங்களைவிட யார் அறிவார்?

2023 ஆகஸ்டில் மத்திய அரசு 10,000 மின்சாரப் பஸ்களுக்கு ஒப்புதல் தந்தது. மைசூரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. எந்தத் தடத்தில் முதலில் ஓட வேண்டும் என்று கேட்பது நம் வேலை. அரண்மனையைச் சுற்றி ஓடினால் படம் எடுக்க அழகாயிருக்கும். விடியற்காலை ஐந்தரைக்குத் தொழிற்பேட்டைக்கும், இரவு பத்தரைக்கு இரண்டாம் ஷிப்டு விட்டு வரும் பெண்களை ஏற்றிக்கொள்ளவும் ஓடினால்தான் அது நம் பஸ். கன்னடத் தொழிலாளர் சங்கங்களுக்கும் இதே தேவைதான். அவர்களோடு சேர்ந்தே மனு கொடுக்கப் போகிறோம். தனித் தமிழ் மனு வேண்டாம் என்று செயற்குழுவில் முடிவாயிற்று.

அதற்கு விவரம் வேண்டும். உங்கள் தெருவிலிருந்து காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு, இரவில் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு, ஷிப்டு எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, போக வர ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகிறது, வீட்டுப் பெண்களில் எத்தனை பேரிடம் கர்நாடக முகவரி அட்டை இல்லை — இவற்றை ஒரு அஞ்சலட்டையில் எழுதி மாதக் கடைசிக்குள் சங்க அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். எழுத இயலாதவர்கள் ஞாயிறு மாலை நேரில் வந்து சொன்னால் நாங்களே குறித்துக்கொள்கிறோம்.