பொருட்காட்சி முடிந்த பிறகு சட்டை எங்கே போகிறது?

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலை 11 அன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் ஏறிவிட்டது. 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில் மொத்தம் 12 கோட்டைகள். அதில் 11 மகாராஷ்டிராவில், மிச்சம் ஒன்றே ஒன்று நம் விழுப்புரம் மாவட்டத்தில். (தேசிங்கு ராஜா கதை கேட்டு வளர்ந்த ஊருக்கு மராட்டியர் பெயரில் மரியாதையா என்று சிலருக்கு முணுமுணுப்பு இருக்கலாம். 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டைதானே, போகட்டும் விடுங்கள்.)

இனி அங்கே விழா, கண்காட்சி, ஸ்டால் என்று அடிக்கடி ஏதாவது நடக்கத்தான் போகிறது. கல்லைப் பாதுகாக்கத் தொல்லியல் துறை இருக்கிறது. ஆனால் விழா நடந்தது என்பதற்கான சாட்சிகளை, அதாவது டிக்கெட், பேட்ஜ், நோட்டீஸ், தன்னார்வலர் போட்ட சட்டை, இதையெல்லாம் யார் பாதுகாப்பது? பதில் எல்லாருக்கும் தெரியும். பேப்பர் என்றால் பழைய பேப்பர் கடை. இரும்பு என்றால் காயலான் கடை. துணி என்றால் 'பழைய துணிக்குப் பாத்திரம்' என்று கூவிக்கொண்டு வருபவரின் மூட்டை. ஒரு யூனிபார்ம் சட்டையின் கடைசி விலை எவர்சில்வர் கிண்ணத்தில் நாலில் ஒரு பங்கு!

சிரிக்கலாம். ஆனால் பொருட்காட்சி நினைவுப் பொருட்களைச் சேகரிப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். லண்டன் வெம்பிளியில் 1924, 1925 ஆண்டுகளில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுப் பொருட்காட்சிக்குச் சுமார் 2.7 கோடி பேர் வந்தார்கள். அதன் மெடல், ஸ்பூன், போஸ்ட் கார்டு எல்லாம் இன்றைக்கும் ஏலத்தில் கை மாறுகின்றன. பிரிட்டனின் முதல் நினைவுத் தபால்தலையே அந்தப் பொருட்காட்சிக்காக வந்ததுதான். ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். மெடலும் ஸ்பூனும் விற்பதற்கென்றே ஆயிரக்கணக்கில் அடித்த சரக்கு. வாங்கியவர் பீரோவில் வைத்துப் பூட்டுவார், அதனால் அது பிழைத்துக்கொள்ளும். வாசலில் நின்ற காவலாளியின் கோட்டு அப்படி இல்லை. எண்ணி எண்ணித் தைத்தது, வேர்வையில் நனைந்தது, கிழிந்தது, கடைசியில் கரித்துணி ஆனது.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது நன்றாகவே புரியும். யூனிபார்ம் ஒரு செலவுக் கணக்கு. பொருட்காட்சி முடிந்த அன்றே அதன் புத்தக மதிப்பு பூஜ்யம். தேய்மானம் போட்டுத் தள்ளிய பொருளுக்கு ஐம்பது வருஷம் கழித்து விலை ஏறுவது ஏன்? எல்லாரும் அதைப் பூஜ்யம் என்று நினைத்துத் தூக்கிப் போட்டதால்தான்.

டெல்லி பிரகதி மைதானத்துக்கு வருவோம். 1972-ல் 'ஏசியா 72' என்ற பெரிய வர்த்தகப் பொருட்காட்சி அங்கே நடந்தது. அதற்காக ராஜ் ரேவால் வடிவமைத்து, மகேந்திர ராஜ் பொறியியல் கணக்குப் போட்டு எழுப்பிய 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' கட்டடம் உலகப் புகழ் பெற்றது. கட்டடமாச்சே, எங்கே போய்விடப் போகிறது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். 2017 ஏப்ரலில் அதை இடித்தே விட்டார்கள். கான்கிரீட்டுக்கே இந்தக் கதி. அந்தப் பொருட்காட்சியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் இனி யாரோ எடுத்து வைத்த தபால்தலையையும் துண்டுச்சீட்டையும்தான் தேட வேண்டும்.

ஜப்பான்காரர்கள் இதில் கில்லாடிகள். 1970-ல் ஒசாகாவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு 6.4 கோடி பேர் வந்தார்கள். அங்கே இரும்புத் தொழில் நிறுவனங்கள் கட்டிய அரங்கை இடிக்காமல் வைத்திருந்து, 2010-ல் அருங்காட்சியகமாக மாற்றினார்கள். உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? வழிகாட்டிப் பெண்கள் போட்டிருந்த யூனிபார்ம்கள், பொம்மைகளுக்கு மாட்டி, வரிசையாக. வேலை செய்த ஆளின் உடுப்புக்கு அங்கே கண்ணாடிக் கூண்டு.

சரி, உடுப்பு மட்டும் இருந்தால் போதுமா என்றால், போதாது. 1886-ல் லண்டனில் நடந்த காலனி மற்றும் இந்தியப் பொருட்காட்சிக்கு இந்தியாவிலிருந்து 34 பேரைக் கொண்டுபோனார்கள். பார்வையாளர்களிடம் சொன்னது, பரம்பரைக் கைவினைஞர்கள் என்று. உண்மையில் அவர்களில் பலர் ஆக்ரா சிறையில் தொழில் கற்ற கைதிகள். இந்திய உடையில் உட்கார்ந்து நெய்வதும் பானை வனைவதுமே காட்சி. விக்டோரியா ராணி சொல்லி ருடால்ஃப் ஸ்வோபோடா என்ற ஓவியர் அவர்களில் சிலரை வரைந்தார். அந்த ஓவியங்கள் இன்றும் ஆஸ்போர்ன் மாளிகையில் இருக்கின்றன. அங்கே போட்டுக்கொண்ட ஒரு தலைப்பாகை நாளைக்கு ஏலத்துக்கு வந்தால் அதை 'விக்டோரியா கால இந்திய உடை' என்று விற்பதா, 'சிறையிலிருந்து கொண்டுவரப்பட்டவர் காட்சிக்காக உடுத்தது' என்று விற்பதா? இரண்டாவது சீட்டு ஒட்டியிருந்தால்தான் அது வரலாறு. இல்லாவிட்டால் வெறும் துணி. ஆளின் பெயரைக் கழற்றிவிட்டுச் சட்டையை மட்டும் வாங்கி விற்கும் சேகரிப்பாளர், பாத்திரக்காரரைவிட எந்த வகையில் உசத்தி?

போலி வேறு இருக்கிறது. சினிமாவுக்குத் தைத்த பழைய காலத்து உடுப்பைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுத்து 'ஒரிஜினல்' என்றால் நம்பிவிடத் தோன்றும். ஒரு சின்ன சோதனை உண்டு. மடிப்புக்குள்ளிருந்து ஒரு நூலை உருவிப் பற்ற வைத்தால் பருத்தி சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும். பாலியெஸ்டர் இழை 1941-ல் காப்புரிமை பெற்றது. 1924-ம் வருஷத்துச் சட்டையில் அது ஏன் இருக்கிறது என்று கடைக்காரரைக் கேட்கலாம் :-)

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1972-ம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத வரலாற்றுச் சிறப்புள்ள பொருள் தொல்பொருள். மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி, ஆவணம் என்றால் 75 வருஷமே போதும். அவற்றை வெளிநாட்டுக்குத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது, வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும். வெம்பிளி சரக்குகள் 2024-லேயே நூறைத் தொட ஆரம்பித்துவிட்டன. தாத்தா பெட்டியில் இருந்த மெடலை இணையத்தில் வெளிநாட்டுக்காரருக்கு விற்க நினைப்பவர்கள் முதலில் அதன் வயதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

செஞ்சிக்கு இந்தத் தலைவலி எதுவும் இப்போதைக்கு இல்லை. அங்கே எல்லாமே புத்தம் புதுசு. விலை இல்லை, போலி இல்லை, போட்டிக்கு ஆள் இல்லை. சேர்க்க இதைவிட மலிவான நேரம் வரவே வராது. ராஜகிரி உச்சியில் சென்னைக்காரர் எடுக்கும் செல்ஃபி எப்படியும் இருக்கும். கல்யாண மகால் பக்கம் புல் வெட்டுபவரின் சட்டை இருக்காது. வழி காட்டுபவரின் அடையாள அட்டை, விழாவில் தண்ணீர் பாட்டில் கொடுத்த கல்லூரிப் பெண்ணின் தொப்பி, மைக் செட்காரரின் ரசீது, பஸ் ஸ்டாண்டில் ஒட்டிய போஸ்டரில் ஒன்று, இவ்வளவு போதும். ஊரில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடமோ நூலகமோ ஒரு பீரோ ஒதுக்கினால் சரி. கஞ்சி போடாமல் துவைத்து, நன்றாக உலர்த்தி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் சட்டை ரொம்ப காலம் தாங்கும். கூடவே ஒரு அட்டையில் பென்சிலால் (மை பரவும்) நாலு விவரம்: போட்டவர் சம்மதித்தால் அவர் பெயர், செய்த வேலை, தேதி, அன்றைக்கு வாங்கிய கூலி. அந்தக் கடைசி விவரத்தைத்தான் பெரிய மியூசியங்கள்கூட எழுத மறந்துவிடுகின்றன.