நள்ளிரவில் யார் முடிவெடுப்பது?

குடியை நிறுத்திய முதல் மூன்று, நான்கு நாட்கள்தான் ஆபத்து. கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், இல்லாத பூச்சிகள் ஊர்வதாகத் தெரியும். வலிப்பு வந்து உயிர் போவதும் உண்டு. நள்ளிரவில் பக்கத்தில் இருப்பவர் நர்ஸ் மட்டுமே. ஆனால் கேஸ் ஷீட்டில் எழுதிய மாத்திரையை எழுதிய நேரத்துக்குக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது என்பதே நம் வார்டுகளின் வழக்கம்.

1989-ல் கனடாவில் செம்மைப்படுத்தப்பட்ட 'சீவா' அளவுகோல் இதற்கு மாற்று. நடுக்கம், வியர்வை, பதற்றம் என்று 10 அறிகுறிகளுக்கு நர்ஸ் மதிப்பெண் போடுகிறார். ஐந்து நிமிட வேலை. மதிப்பெண் ஏறினால்தான் மாத்திரை. 1994-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 101 நோயாளிகள். கடிகாரம் பார்த்து மருந்து பெற்றவர்களுக்குச் சிகிச்சை சுமார் 68 மணி நேரம் நீடித்தது. அறிகுறி பார்த்துப் பெற்றவர்களுக்கு 9 மணி நேரம். மாத்திரையும் கால் பங்குக்குள் அடங்கியது. முன்பே வலிப்பு வந்தவர்களுக்கு இது மட்டும் போதாது, டாக்டர் வந்தாக வேண்டும்.

படிவத்தை ஜெராக்ஸ் எடுப்பது சுலபம். நர்ஸின் மதிப்பெண்ணை நம்பி மருந்து தரலாம் என்று டாக்டர் எழுத்தில் தரவேண்டுமே! அதைக் கேட்டு வாங்குவதும், ஒரே நோயாளிக்கு இரண்டு நர்ஸ்கள் போட்ட மதிப்பெண்களை ஒப்பிடுவதும், 'குடிகாரன்தானே, கிடக்கட்டும்' என்ற பேச்சை நிறுத்துவதும் தலைமை நர்ஸின் பொறுப்பு.

குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெறுகிறார் என்றது மத்திய அரசின் 2019 ஆய்வறிக்கை. அந்த ஒருவர் படுத்திருக்கும் வார்டில் இரவு முழுவதும் ஒரே நர்ஸ் என்றால் மதிப்பெண் கற்பனையில்தான் பிறக்கும். டூட்டி பட்டியலில் இன்னொரு பெயரைச் சேர்க்கும் அதிகாரத்தையும் நிர்வாகம் தலைமை நர்ஸுக்குக் கொடுக்குமா?