கூலி வேறு, கிருபை வேறு

டிசம்பர் பிறந்தால் போதும், கும்மிடிப்பூண்டி வழியாகப் போகும் நெடுஞ்சாலை ஓரத்துக் கிறிஸ்துமஸ் வாழ்த்துத் தட்டிகளில் ‘கிருபை’ பெரிய எழுத்தில் நிற்கும். அருமையான சொல். கத்தோலிக்கர் ‘அருள்’ என்பார்கள். அவர்களுடைய பழைய ஜெபத்தில் அது ‘பிரியதத்தம்’. எப்படிச் சொன்னாலும், உழைத்துச் சம்பாதிக்காமல் கிடைப்பது என்றுதான் பொருள். அந்தப் பொருளைக் கெடுக்கிற இன்னொரு சொல்லை நினைத்தால்தான் கோபம் வருகிறது. அது ‘கருணைத் தொகை’. 2024 தீபாவளிக்குத் தமிழக அரசு பொதுத்துறைத் தொழிலாளர்களுக்கு அறிவித்த 20 விழுக்காட்டில் 8.33 போனஸ், மீதி 11.67 கருணைத் தொகை. சட்டம் கட்டாயப்படுத்தியதற்கு மேல் கொடுப்பது கருணைதானே என்று கேட்கலாம். இல்லை. அந்தப் பணமும் தொழிலாளியின் உழைப்பில் விளைந்ததுதான். தொழிற்சங்கங்கள் கேட்டுக் கேட்டு வாங்கியது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் ரோலிங் மில்லில் பழுத்த இரும்போடு நாள் முழுக்க வேகிற பீகார், ஒடிசா கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அந்தப் பெயரில்கூட எதுவும் உறுதியில்லை.

கூலிக்கும் கிருபைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை அப்போஸ்தலர் பவுலே பார்த்திருக்கிறார். ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 4ஆம் அதிகாரத்தில், வேலை செய்தவனின் கூலியை அவர் கிருபைக் கணக்கில் எழுதவில்லை. கொடுத்தே தீரவேண்டிய கடனாக எழுதுகிறார். அப்படியானால் மத்தேயு 20இல் வரும் திராட்சைத் தோட்டக்காரர், சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவருக்கும் முழுநாள் கூலி கொடுத்தாரே, உழைப்புக்கு என்ன மதிப்பு என்று எதிர்க்கேள்வி வரும். நியாயமான கேள்வி, விடியலில் வந்தவர்களும் அதையேதான் முணுமுணுத்தார்கள். ஆனால் அவர்களுக்குப் பேசிய கூலியில் காசு குறையவில்லை. கடைசியாக வந்தவர்களும் சோம்பேறிகள் அல்லர். யாரும் வேலைக்குக் கூப்பிடாததால் நின்றவர்கள். அவர்கள் வீட்டிலும் அன்றிரவு உலை வைத்தாக வேண்டும். தோட்டக்காரர் கடனைக் கடனாகத் தீர்த்தார், அதற்கு மேல் தம் கையிலிருந்தும் கொடுத்தார். கடனைப் பாக்கி வைத்துக்கொண்டு கொடுப்பதற்குக் கிருபை என்று பெயரில்லை.

கிருபைக்குக் கிறிஸ்துமஸ் இரவே சாட்சி. பெத்லகேமில் இயேசு பிறந்த செய்தி முதலில் எட்டியது இரவு ஷிப்டில் இருந்த மேய்ப்பர்களை. அவர்கள் நோன்பிருந்ததாகவோ வேண்டிக்கொண்டதாகவோ லூக்கா எழுதவில்லை. மந்தைக்குக் காவல் இருந்தார்கள், அவ்வளவுதான். அந்தச் செய்திக்கு அவர்கள் எதையும் செலுத்தவில்லை, அவர்களால் செலுத்தவும் முடியாது. அன்றிரவுக் காவலுக்கான கூலியோ, மந்தைக்குச் சொந்தக்காரன் கொடுக்க வேண்டியது.