எனக்குக் கொட்டாவி வந்தது, அதற்கென்ன?

நண்பர்களே, திட்டு விழும் என்று தெரிந்தேதான் இதைப் போடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போனாலும் கோபம் இல்லை. ஏன் கோபம் இல்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நம்மூரில் ஒரு சின்னக் கூடுகை. 'கொட்டுக்காளி' பற்றிப் பேச்சு. இருபது பேர் இருப்போம். ஆளாளுக்கு நன்றாகவே பேசினார்கள். கறம்பக்குடிப் பக்கமிருந்து வந்திருந்த ஒரு கல்லூரித் தம்பி கடைசியாக எழுந்து, "எனக்குப் படம் போரடிச்சுச்சுங்க. பாதிக்கு மேல செல்போனைப் பாக்க ஆரம்பிச்சிட்டேன்" என்றார். முன்வரிசையில் இருந்த நண்பர் ஒருவர், விவரம் தெரிந்தவர், நல்ல மனிதரும்கூட, திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, இது உங்களுக்கான படம் இல்ல. நீங்க விஜய் படத்துக்குப் போங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீ வந்தபோது பார்க்கிறேன், அந்தத் தம்பியைக் காணோம்.

நானும் சிரித்தேன் என்பதுதான் ஒரு வாரமாக உறுத்துகிறது. ஏனென்றால் எனக்கும் அந்தப் படம் போரடித்தது.

இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜ் மீது எனக்கு மரியாதை உண்டு. அவருடைய 'கூழாங்கல்' 2021இல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு போகும் அந்தக் குடிகாரத் தகப்பனும், அனல் அடிக்கும் அந்தப் பொட்டலும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. நடந்தது அவர்கள், சுட்டது என் கால். அந்த நம்பிக்கையில்தான் 'கொட்டுக்காளி' வெளியான மறுநாளே, 2024 ஆகஸ்ட் 24 அன்று, தியேட்டரில் போய் உட்கார்ந்தேன். வேறு சாதிப் பையனை விரும்பிய பெண்ணுக்குப் 'பேய்' ஓட்ட ஒரு குடும்பமே ஷேர் ஆட்டோவில் கிளம்பிப் போகிறது. பின்னணி இசை கிடையாது. நடுச்சாலையில் மாடு ஒன்று மறித்து நிற்க, இத்தனை ஆம்பளைகளும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் காட்சியில் வாய்விட்டுச் சிரித்தேன். மற்றபடி ஆட்டோ போகிறது. நிற்கிறது. மறுபடி போகிறது. நான் இரண்டு தடவை மணி பார்த்தேன். திடீரென்று விளக்கு எரிந்ததும் பின்னாலிருந்து ஒருவர், "என்னப்பா, படம் முடிஞ்சிருச்சா?" என்று சத்தமாகக் கேட்டார். மனசுக்குள் நானும் அதையேதான் கேட்டேன். வெளியே வந்து, தெரிந்தவர்கள் கேட்டபோது, "அற்புதம்" என்றேன்.

ஏன் போரடித்தது என்று பிறகு யோசித்தேன். நான் முப்பத்து நான்கு வருடம் டவுன் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் பள்ளிக்கூடம் போய் வந்தவன். அந்தச் சாலை, அந்தக் கருவேலங்காடு, வண்டியை நிறுத்திவிட்டு ஓரமாக ஒதுங்கும் ஆள், இதெல்லாம் பெர்லினில் உட்கார்ந்து பார்ப்பவருக்குக் கண்டுபிடிப்பு. எனக்கு அது ஆலங்குடி ரூட். அவருக்குக் கொடுக்கும் நேரத்தை எனக்கும் கொடுத்தால், எனக்கு மிச்சம் விழுகிறது. இது என் கணக்கு. தப்பாக இருக்கலாம். ஆனால் தப்பு என்று எனக்கு யாராவது காட்ட வேண்டும் என்றால், முதலில் நான் அதை வெளியே சொல்ல வேண்டுமே! நம் கூடுகைகளில் அதற்கு இடம் இருக்கிறதா?

மெதுவாகப் போகும் படம் எனக்கு ஆகாது என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். பாலுமகேந்திராவின் 'வீடு' (1988) வேகமாகவா போகிறது? பாட்டு இல்லை, சண்டை இல்லை. சிமெண்ட், மேஸ்திரி, கடன். ஒரு தடவைகூட நான் மணி பார்த்ததில்லை. சொக்கலிங்க பாகவதர் தாத்தா, பாதியில் நிற்கும் வீட்டைப் பார்க்கப் போகும் இடத்தில் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. ஜி.பி.எஃப். லோன் போட்டு வீடு கட்டியவனுக்கு அது வேகமான படம் ஐயா.

பெரிய இயக்குநர்களின் படம் பிடிக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடாது. சொன்னவர்களின் பட்டியலைப் பாருங்கள். சத்யஜித் ராய், குமார் சஹானியின் 'மாயா தர்ப்பண்', மணி கௌலின் 'துவிதா' இரண்டையும் பற்றித் தன் அதிருப்தியைக் கட்டுரையாகவே எழுதினார். அது 1976இல் வந்த அவருடைய புத்தகத்திலும் இருக்கிறது. இங்மர் பெர்க்மனுக்குக் கோதாரின் படங்கள் அலுப்புத் தட்டின. அந்தோனியோனியில் அவருக்குத் தேறியது இரண்டே படம். விஜய் படத்துக்குப் போங்கள் என்று பெர்க்மனிடம் சொல்வீர்களா?

தார்க்கோவ்ஸ்கி இன்னும் ஒரு படி மேல். அவருடைய 'மிரர்' பார்த்துவிட்டுத் தலைவலி வந்தது, ஒன்றும் புரியவில்லை என்று லெனின்கிராடிலிருந்து ஒரு பொறியாளர் கடிதம் எழுதினார். தார்க்கோவ்ஸ்கி அதைக் கிழித்துப் போடவில்லை. தன் நூலின் முன்னுரையிலேயே சேர்த்தார். உருகி நன்றி சொன்ன கடிதங்களும் அதே முன்னுரையில் இருக்கின்றன. படம் எடுத்தவருக்கே வராத கோபம் பார்த்துவிட்டு வந்த நமக்கு ஏன் வருகிறது?

நம்மிடமும் ஆள் இல்லாமல் இல்லை. ரசிகமணி டி.கே.சி. கம்பனிலேயே தனக்குச் சுவைக்காத பாடல்களை, இவை கம்பன் பாடியவை அல்ல என்று தள்ளிவிட்டுப் பதிப்புப் போட்டார். தமிழாசிரியனாக எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் அந்த மனிதர் சுவைக்காததைச் சுவைத்ததாக நடிக்கவில்லை. அதனால்தான் அவர் ஒரு பாட்டைச் சொல்லி ஆஹா என்றால் ஊர் நம்பியது.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. எனக்குப் போரடித்தது, ஆகவே இப்படிப்பட்ட படத்தைத் தியேட்டருக்கே கொண்டுவரக் கூடாது என்பார்கள். அவர்கள் என்னைத் துணைக்கு அழைக்க வேண்டாம். 1960இல் கான் விழாவில் அந்தோனியோனியின் 'லவெஞ்சுரா'வைக் கூச்சல் போட்டுக் கேலி செய்தார்கள், பிறகு அதே விழாவில் அதற்கு நடுவர் குழுப் பரிசு கிடைத்தது. என் கொட்டாவி என்னைப் பற்றிய செய்தி, பாதி படத்தைப் பற்றிய செய்தி. தடை உத்தரவு அல்ல.

சரி, இப்போது எனக்குக் கூச்சமாக இருக்கும் பகுதிக்கு வருகிறேன்.

1991இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதைப் பார்க்க உலகமே வந்தது. நானும் ஒரு மையத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பகல் முழுக்கக் குவாரியில் கல் உடைத்துவிட்டு ராத்திரி சிலேட்டுடன் வந்து உட்காரும் பெண்கள், பத்து நிமிடத்தில் தூங்கி விழுவார்கள். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: தூங்குகிறவரைத் திட்டாதே, பாடத்தை மாற்று. ஒரு நாளும் நான் திட்டியதில்லை. அவ்வளவு நல்லவன்.

அதே நல்லவன், அதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னால் என்ன செய்தேன் தெரியுமா? அப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படம் போடுவார்கள். தெருவில் அதற்குப் பேர் 'அவார்டு படம்'. ஒருத்தன் மாட்டு வண்டியில் போவான், போய்க்கொண்டே இருப்பான் என்று கிண்டல் செய்வார்கள். எங்கள் வீட்டு டிவி முன்னால் நான் மட்டும் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருப்பேன். ஒரு ஞாயிறு அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்'. என்னிடம் பதினொன்றாம் வகுப்புப் படித்த பையன் ஒருவன், கண்டக்டர் மகன், அன்றைக்கு என்னோடு உட்கார்ந்து பார்த்தான். எனக்கு உள்ளுக்குள் தூக்கம் சொக்குகிறது, முகத்தில் மட்டும் தீவிரம். பாதிப் படத்தில் அவன் கேட்டான்: "சார், இந்த ஆளு ஏன் சார் எந்திரிக்கவே மாட்டேங்கிறாரு? மாடு மேயுதுன்னாக்கூட அந்தக்காவத்தான கூப்பிடுறாரு?"

நான் சொன்னேன்: "இதெல்லாம் உனக்குப் புரியாதுடா. போய் ரஜினி படம் பாரு."

அவன் போய்விட்டான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வகுப்பில்கூட அதன்பிறகு என்னிடம் கேள்வி கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, 2019இல், மகள் கொடுத்த டேப்பில் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். இடிந்துகொண்டிருக்கும் தறவாடு. எதற்கும் எழுந்திருக்க முடியாத உன்னி. அவனுக்காகவே தேய்ந்துபோகும் தங்கை ராஜம்மா. பொறியில் மாட்டிய எலியைக் கொண்டுபோய்க் குளத்தில் முக்குகிறார்கள், கடைசியில் உன்னியையும் அதே குளத்தில் போடுகிறார்கள். இந்த ஆள் ஏன் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறான்? படமே அந்தக் கேள்விதான். முப்பது வருடம் முன்னால் பதினாறு வயதுப் பையன், போரடித்துப்போய், அதைச் சரியாகப் பிடித்துவிட்டான். பக்கத்தில் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருந்தவனுக்கு அது காதில் விழவில்லை. ரசிப்பது போல நடிப்பதிலேயே என் கவனம் முழுக்கப் போய்விட்டது.

அவன் இப்போது ஓசூர்ப் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நேற்று ஒரு பழைய மாணவியிடமிருந்து அவனுடைய நம்பர் வாங்கியிருக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை. கறம்பக்குடித் தம்பியின் நம்பர் யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள்.